நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள்

மீட்டரின் வாயில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். "பாத்தாச்சு."

முப்பத்து நான்கு வருஷம் வீடு வீடாகப் போய், மின்சார மீட்டரில் ஓடிய எண்ணைப் பார்த்து அட்டையில் எழுதி, வாசலில் நின்று உள்ளே குரல் கொடுத்த சொல் அது. பக்கவாதம் மற்ற எல்லாச் சொல்லையும் வாரிக்கொண்டு போனபோது இதை மட்டும் ஏனோ விட்டுவிட்டுப் போயிற்று. பசித்தாலும் பாத்தாச்சு, கோபம் வந்தாலும் பாத்தாச்சு. ஆஸ்பத்திரியில் பெயரைக் கேட்டபோதும் அதையே சொன்னார். "நீங்களே பாத்தாச்சுன்னா நான் எதுக்கு?" என்று டாக்டர் சிரித்தார். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மீட்டர் என்றால் போதும். அதனால் அவள் மீட்டரம்மா. சட்டை தைக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் காஜா எடுத்தவள். ஒரு நாளைக்கு எழுநூறு பட்டன் ஓட்டை. அழுவதற்கு நேரம் ஒதுக்கிப் பழகாத கை.

மீட்டருக்குப் புத்தகப் பைத்தியம் உண்டு. போகிற வீட்டில் எடைக்குப் போடக் கட்டி வைத்த புத்தகம் கண்ணில் பட்டால் கால் நகராது. வீட்டுக்காரர்களுக்கு இது தெரிந்துபோய், "மீட்டர், இந்தா, உனக்குன்னு எடுத்து வெச்சேன்" என்று கொடுப்பார்கள். அதிலும் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு புத்தகம். இரண்டாவது கொடுத்தால் வாங்க மாட்டார். வேறு வீட்டில் ஏற்கெனவே வாங்கிய அதே புத்தகத்தை இந்த வீட்டில் கொடுத்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். சர்க்கரை நோய்க்காரர் என்ன சாப்பிடலாம் என்று சொல்கிற மஞ்சள் அட்டைப் புத்தகம் ஒன்று மூன்று வீட்டிலிருந்து வந்து மூன்று இடத்தில் நின்றது.

மூன்று மர அலமாரி, அலமாரிக்கு ஆறு தட்டு, மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு புத்தகம். கதை ஒரு பக்கம், வரலாறு ஒரு பக்கம் என்று அடுக்கவில்லை. தாம் நடந்த வரிசையில் அடுக்கினார். மேல் தட்டின் இடது ஓரம் முதல் தெருவின் முதல் வீடு. கடைசி அலமாரியின் கீழ்த்தட்டு, வலது ஓரம், ஊர்க்கோடியில் இருந்த கடைசி வீடு. ஓய்வு பெற்ற பிறகும் காலையில் பல் துலக்கிவிட்டு அலமாரி முன்னால் ஒரு நடை நடப்பார். "ரவுண்ட்ஸ் போறாரு துரை" என்பாள் அவள்.

சாப்பிடும்போது வீட்டுக் கதைதான். மீட்டர் பார்க்கக் குனிந்தால் தலைமேல் வழியும் தண்ணித் தொட்டி வீடு. முப்பது வருஷமாக ஒரே சண்டையைப் போட்டுக்கொண்டிருந்த அக்கா தங்கை வீடு. எப்போது போனாலும் தூங்குகிற மனுஷன் வீடு. பூனை வீடு. சுவரை மறைத்து மருந்துப் பெட்டியாக அடுக்கி வைத்திருந்த மருந்துக் கடைக்காரர் வீடு. ஒவ்வொரு தடவையும் பெட்டியை இறக்கி, ரீடிங் எடுத்து, திரும்ப ஏற்றிவிட்டு வர வேண்டும். ஒரே கதையை நூறு தடவை சொல்லியிருப்பார். "கேட்டாச்சுங்க" என்றாலும் விட மாட்டார்.

பக்கவாதம் வந்த பிறகு, பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். குவளை, கட்டில், கழிவறை என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டினாள். மீட்டர் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து, ஓரம் ஒத்து அடுக்கி, அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். "பாத்தாச்சு." நாலு வாரத்தில் அந்தப் பெண் வருவதை நிறுத்திக்கொண்டாள்.

மூன்றாவது மாதம் ஒரு மத்தியானம், வலது காலை இழுத்துக்கொண்டு அலமாரிக்குப் போனார். மேல் தட்டில் மூன்றாவது புத்தகத்தை இடது கையால் உருவி வந்து அவள் மடியில் போட்டார். படித்துக் காட்டச் சொல்கிறார் என்று அவள் பிரித்தாள். பிடுங்கிக்கொண்டார். மறுபடியும் மடியில் போட்டார். மறுபடியும் பிரித்தாள், மறுபடியும் பிடுங்கினார். கால் மணி நேரம் நடந்தது இந்தக் கூத்து.

"இது தண்ணித் தொட்டி வீட்டுப் புத்தகமாச்சே" என்றாள் அவள், சலித்துப் போய். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "என்னங்க, தண்ணி வேணுமா?"

மீட்டர் தலையை ஆட்டிய வேகத்தில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு வந்துவிட்டது. முடிதிருத்துகிறவர் வீட்டுப் புத்தகம் வந்தால் சவரம். தூங்குமூஞ்சி வீடு வந்தால் படுக்கை. அக்கா தங்கை வீடு வந்தால், அவள்மேல் கோபம். ஒரு நாள் உப்புக் கிடங்குக்காரர் வீட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் வைத்தார். "வாய்தான் போச்சு, நாக்கு போகலையே உங்களுக்கு" என்று கஞ்சியை மாற்றிக் கொடுத்தாள். அந்தப் புத்தகங்களின் தலைப்பு ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. அட்டையையும் கவனித்ததில்லை. எந்தத் தட்டு, எத்தனையாவது இடம் என்பதுதான் தெரியும். அது போதுமாக இருந்தது.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்றால், தொலைபேசியில். மகள் வேறு ஊரில் பெரிய கிடங்கு ஒன்றில் சரக்கு இருப்புப் பார்க்கிற வேலையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிடுவாள். "அப்பா எப்படி இருக்காரு, பேசறாரா?" முதல் மாதம், "பேச்சு வரல" என்றபோது மகள் அரை மணி நேரம் அழுதாள். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாள். அதனால், அலமாரிப் பேச்சு வந்ததும் மீட்டரம்மா உண்மையைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள். "பேசறாரு. உன் வேலை எப்படிப் போகுதுன்னு கேட்டாரு." பொய் என்றும் சொல்ல முடியாது. தபால்காரர் வீட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து தொலைபேசியின் பக்கத்தில் வைத்திருந்தார். ஆனால் எப்படிக் கேட்டார் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று ஒரு கூச்சம். மகளுக்கு விடுப்பு கிடைக்காமல், "அப்பாகிட்ட குடு" என்றால் "தூங்கறாரு" என்று சொல்லியே ஒரு வருஷம் ஓடிற்று.

இந்த நிலையில் மீட்டரம்மாவுக்குக் கண்புரை. அரை நாள் வேலை என்றார்கள். மகள் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்தாள். "அரை நாள்தானே" என்று மீட்டரம்மா அலமாரி விஷயத்தைச் சொல்லாமலே கிளம்பினாள். "காலைல பெட்டியில இருக்கற மாத்திரைய எல்லாம் குடுத்துடு. கஞ்சி கெட்டியா இருக்கணும், தண்ணியா இருந்தா புரையேறும்." அவ்வளவுதான் சொன்னது. அறுவை முடிந்ததும் கண்ணில் அழுத்தம் ஏறி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, ஒரு கண்ணில் மூடி ஒட்டி, இன்னொரு கண்ணில் பனி மூட்டத்தோடு வீட்டுக்குள் வந்தாள். கூடம் பளிச்சென்று இருந்தது. தூசி வாடையே இல்லை.

"அம்மா, இங்க வா. உனக்கு ஒண்ணு காட்டறேன்." மகள் கையைப் பிடித்து அலமாரி முன்னால் நிறுத்தினாள். "எல்லாம் இப்ப போன்ல இருக்கு. பின்னட்டையில கோடு கோடா இருக்கு பாரு, அதைப் படம் பிடிச்சா பேர், ஆசிரியர், எல்லாம் தானா ஏறிடும். கோடு இல்லாத பழசையெல்லாம் நானே அடிச்சேன். கதை ஒரு ஷெல்ஃப், வரலாறு ஒரு ஷெல்ஃப், உடம்பு, தோட்டம், கணக்கு... போன்ல எப்படி இருக்கோ அப்படியே இங்கயும் அடுக்கிட்டேன். எந்தப் புத்தகம் வேணும்னாலும் ரெண்டு நொடியில எடுக்கலாம்."

மீட்டரம்மா மேல் தட்டில் கை வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று தடவினாள். மூன்றாவது புத்தகம் தடியாக, வழவழப்பாக இருந்தது. தண்ணித் தொட்டி வீட்டுப் புத்தகம் மெலிசு, ஓரம் கிழிந்தது.

"அப்பா எங்க?"

மகள் குரலை இறக்கினாள். "அப்பாவுக்குச் சரியில்லம்மா. நீ பேசறாருன்னு சொன்னே. ஒரு வார்த்தை பேசல. நான் அடுக்க அடுக்கப் பின்னாடியே வந்து இழுத்துப் போட்டாரு. நேத்துலேந்து கஞ்சியத் துப்பறாரு. ரெண்டு தடவை தட்டைத் தள்ளிவிட்டாரு. குளியலறை வாசல்ல விழுந்துட்டாரு. ஆளே தள்ளாடறாரு."

மீட்டர் ஜன்னல் பக்கம் நாற்காலியில் தொங்கிய தலையோடு உட்கார்ந்திருந்தார். அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டு, பிசுபிசுவென்று வேர்த்திருந்தது. கண்ணைத் திறந்து, அவளைப் பார்த்து, அவள் கண்ணில் ஒட்டியிருந்த மூடியைப் பார்த்து, "பாத்தாச்சு, பாத்தாச்சு, பாத்தாச்சு" என்றார். நாற்காலியைப் பிடித்து எழுந்து அலமாரிக்குப் போனார். ஒரு புத்தகத்தை உருவினார், அட்டையைப் பார்த்தார், கீழே போட்டார். இன்னொன்று. அதையும் போட்டார். ஆறாவது புத்தகத்தோடு கால் மடங்கிற்று. இரண்டு பேரும் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"பாத்தியா? இதைத்தான் சொல்றேன்" என்றாள் மகள். "டாக்டருக்குப் போன் பண்ணேன். ரெண்டாவது வாதமா இருக்கலாம், வெளியூர்ல இருக்கேன், திங்கக்கிழமைதான் திரும்பறேன், கூட்டிட்டு வாங்கன்னாரு. அம்மா, கோவிச்சுக்காதே. ஒரு காப்பகத்துலயும் பேசியிருக்கேன். திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்து பாக்கறாங்க. ஒத்தக் கண்ணை வெச்சுக்கிட்டு நீ எப்படி இவரைத் தூக்குவே?"

மீட்டரம்மா அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். உடம்பைப் பார்ப்பதில் இறங்கினாள். நெற்றி, வயிறு, கால் வீக்கம், மூத்திரம் போன அளவு. விழுந்த இடத்தில் சிராய்ப்பு, எலும்புக்கு ஒன்றுமில்லை. வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தாள். புண் இல்லை. எதுவும் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது: இந்த மனுஷன் எதையோ சொல்லத் துடிக்கிறார். சொல்ல இருந்த ஒரே வழியை வீட்டுக்குள்ளேயே அடைத்தாயிற்று.

அன்று மத்தியானமும் மகள் கஞ்சி ஊட்டினாள். பாதியைத் துப்பினார். மீதி உள்ளே போயிற்று. ஒரு மணி நேரத்தில் தலை மறுபடி தொங்கிற்று.

சனிக்கிழமை காலை, கஞ்சி முடிந்து மீட்டர் கண்ணயர்ந்த நேரத்தில், மீட்டரம்மா மகளை அலமாரி முன்னால் உட்கார வைத்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். குறுக்கே பேசாதே."

சொன்னாள். தண்ணித் தொட்டியிலிருந்து உப்புக் கிடங்கு வரைக்கும். மகள் வாயைத் திறந்தபடி கேட்டாள்.

"அப்ப நீ போன்ல சொன்னதெல்லாம்?"

"அவரு கேட்டதுதான். வாயால கேக்கல."

"ஏம்மா, ஒரு வருஷமா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கையே வெச்சிருக்க மாட்டேனே!"

"சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியா?"

மகள் யோசித்தாள். "மாட்டேன்" என்றாள். மூக்கைச் சிந்தினாள். "எந்த வீட்டுது எந்தப் புத்தகம்னு சொல்லு. மறுபடி அடுக்கிடலாம்."

"பேர் தெரியாதுடி. இடம்தான் தெரியும்."

இருவரும் புத்தகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு இடம் தெரியும், இன்னொருத்திக்குப் பேர் தெரியும். பேரையும் இடத்தையும் சேர்த்து அறிந்த ஒருவர் தலை தொங்கி உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை பத்து மணிக்கு இரண்டு நாள்கூட இல்லை. நானூறு புத்தகம் எதிரே நின்று ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

"நீ எப்படி எடுத்தே?" என்று கேட்டாள் திடீரென்று. "படம் பிடிக்கறப்போ, கைக்கு வந்ததை எடுத்தியா?"

"சேச்சே. எங்க கிடங்குல அப்படி எண்ணினா வேலையை விட்டே அனுப்பிடுவாங்க. மேல் தட்டு, இடது ஓரம். ஒண்ணையும் தாண்டாம..." மகள் பாதியில் நிறுத்தினாள். போனை எடுத்தாள். விரலால் தள்ளித் தள்ளி எங்கேயோ அழுத்தினாள். கதை, வரலாறு, தோட்டம் எல்லாம் மறைந்து ஒரே நீளப் பட்டியல் வந்து நின்றது. சேர்த்த வரிசை. முதலில் ஏறியது முதலில்.

"மூணாவது என்ன?"

"மாடித் தோட்டம் போடுவது எப்படி."

மகள் தோட்டம் என்று வகுத்த தட்டுக்குப் போய் அதை உருவி வந்தாள். மீட்டரம்மா வாங்கித் தடவினாள். மெலிசு, ஓரம் கிழிந்தது.

"தண்ணித் தொட்டி" என்றாள்.

உட்கார்ந்து விட்டார்கள் இருவரும். டாக்டர் குனியக் கூடாது என்றிருந்தார். அதனால் மீட்டரம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வாங்கி வைத்தாள், மகள் படித்துத் தேடிக் கொடுத்தாள். எழுபது, எண்பது என்று போனபோது, "அம்மா" என்றாள் மகள். குரல் சரியில்லை. "மொத்தம் முந்நூத்தி எண்பத்தாறுதான் ஏறியிருக்கு."

"மீதி இருபத்தாறு?"

"ஒரே புத்தகம் ரெண்டு மூணு இருந்துச்சு. ஏற்கெனவே இருக்குன்னு போன்ல வந்துச்சு. அதான்... சாக்குல கட்டி வியாழக்கிழமை பழைய பேப்பர் கடைக்குப் போட்டுட்டேன்."

மீட்டரம்மா செருப்பைத் தேடினாள்.

கடை இரண்டு தெரு தள்ளி. கடைக்காரர் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். "மீட்டரம்மா! என்ன, கடல் கொள்ளைக்காரன் மாதிரி கண்ணைக் கட்டிக்கிட்டு?"

"கிண்டல் அப்புறம் பண்ணு. வியாழக்கிழமை இவ போட்ட சாக்கு எங்க?"

"அது நேத்தே லோடு ஏறிடுச்சேம்மா. தாள் தனியா, அட்டை தனியாக் கிழிச்சுத்தானே அனுப்பறோம். அட்டை மட்டும் கிடக்கும், மூலையில பாரு. எல்லாரோடதும் கலந்துதான் இருக்கும்."

முழங்கால் உயரத்துக்கு அட்டைக் குவியல். பள்ளிக்கூட நோட்டு, காலண்டர், மிட்டாய்ப் பெட்டி. மகள் முட்டி போட்டுக் கிளறினாள். மீட்டரம்மா பக்கத்தில் நின்று, "அதைத் தூக்கு, இதைத் திருப்பு" என்று அதட்டினாள். மகளுக்கு நினைவிருந்த அட்டைகளாகப் பொறுக்கினார்கள். இரண்டு மணி நேரத்தில் பதினைந்து. மற்ற பதினொன்று கிடைக்கவில்லை. மஞ்சள் அட்டை ஒன்றுகூட இல்லை.

திரும்பி வரும்போது மகள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "என்னால முடியலம்மா. அப்பாவோட வாயை நானே தைச்ச மாதிரி இருக்கு."

"தைச்சதைப் பிரிக்கலாம். நட" என்றாள் மீட்டரம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முந்நூற்று எண்பத்தாறும் பழைய வரிசைக்கு வந்துவிட்டன. பதினைந்து அட்டைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தார்கள். அன்று காலைக் கஞ்சியை மீட்டர் வாயிலேயே வைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேற்றைக்கு இன்று கொஞ்சம் தெளிவாகவும் இருந்தார். அது ஏன் என்று அப்போது இருவருக்கும் தோன்றவில்லை.

"என்னங்க, எழுந்திரிங்க. ரவுண்ட்ஸ் போகலாம்."

அவள் இடது பக்கம் தாங்க, மகள் வலது பக்கம் தாங்க, மீட்டர் முதல் அலமாரி முன்னால் நின்றார். மேல் தட்டைத் தொட்டார். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் விரல் நின்றது. அவர் முகத்தை மீட்டரம்மாவால் சரியாகப் பார்க்க முடியவில்லை, மகள்தான் பார்த்தாள். "அம்மா, அப்பா சிரிக்கிறாரு."

ஒவ்வொரு முதுகாகத் தொட்டுக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்று திரும்பி வந்தது. இரண்டு புத்தகத்துக்கு நடுவில் விரலை நுழைத்து விலக்கினார். மேஜையைப் பார்த்தார். ஓர் அட்டையை எடுத்து அந்த இடைவெளியில் செருகினார். இன்னோர் இடத்தில் இன்னோர் அட்டை. ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

நடு அலமாரியின் ஐந்தாவது தட்டு வந்ததும் அவருக்கு அவசரம் வந்துவிட்டது. பாதியைத் தாண்டி ஓர் இடத்தில் விரலை நுழைத்துப் பிரித்தார். மேஜையைப் பார்த்தார். அட்டைகளைக் கலைத்தார். இல்லை. திரும்ப அந்த இடைவெளிக்குப் போனார். அங்கே முஷ்டியால் இடித்தார். "பாத்தாச்சு! பாத்தாச்சு!" மரம் அதிர்ந்தது. அவர் உடம்பும் அதிர்ந்தது.

"இருங்க, இருங்க. சொல்றேன்." மீட்டரம்மா அந்த இடைவெளியில் தன் விரலை வைத்தாள். "இந்தப் பக்கம் இருக்கறது பூனை வீடு. அந்தப் பக்கம் மாடிப்படி உடைஞ்ச வீடு. பூனை வீட்டை விட்டு இறங்கி, சந்து திரும்பி..." அவள் ஒருநாளும் நடந்திராத தெரு அது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நூறு தடவை கேட்ட தெரு. "பெட்டியை இறக்கி, ரீடிங் எடுத்து, மறுபடி ஏத்தணும். மருந்துக் கடைக்காரர் வீடு. மருந்தாங்க? மாத்திரையா?"

மீட்டர் இடிப்பதை நிறுத்தினார். அப்படியே அவள் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"பாப்பா, மாத்திரைப் பெட்டியக் கொண்டா."

மகள் கொண்டுவந்து ஒவ்வொரு அட்டையாகப் படித்தாள். "இது காலை ஒண்ணு. இதுவும் காலை ஒண்ணு. இது ராத்திரி."

"காலைல ரெண்டா? ஒண்ணுதானே?"

"ரெண்டு பேர் இருக்கேம்மா. நீதானே எல்லாத்தையும் குடுன்னே? விழுங்க மாட்டேன்னாரு, அதான் பொடி பண்ணி கஞ்சியில கலந்தேன். நேத்து, முந்தாநாள், துப்பினா மத்தியானமும் கொஞ்சம்..."

மீட்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். நாலு மாதத்துக்கு முன்னால் டாக்டர் ரத்த அழுத்த மாத்திரையின் கம்பெனியை மாற்றினார். மருந்து அதே மருந்து, பெயர் வேறு. பழைய அட்டையில் இருபது மாத்திரை மிச்சம் இருந்தது. வீணாக்க மனசு வராமல் அவள்தான் அதே பெட்டியில் போட்டு வைத்தாள். எது பழசு என்று அவள் கைக்குத் தெரியும். கைக்குத் தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"ஒரே புத்தகம் மூணு இருந்தது உன் போனுக்குத் தெரிஞ்சுது" என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். "உன்னைச் சொல்லி என்ன பண்ண. வெச்சவ நான்."

தெருமுனைக் கிளினிக்கில் நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். எண்பதுக்கு ஐம்பது. இன்னொரு தடவை பார்த்தாள். "இன்னும் ரெண்டு நாள் இப்படியே குடுத்திருந்தா, காலையில எழுந்திருச்சிருக்க மாட்டாரு" என்றாள். வெறும் தகவலாகச் சொன்னாள். உடனே படுக்க வைத்துச் சலைன் ஏற்றினார்கள். மகள் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். மீட்டரம்மா கட்டிலருகே உட்கார்ந்து, சொட்டு விழுகிற சத்தத்தை எண்ணினாள். சாயங்காலம் வீட்டுக்கு அழைத்து வந்தபோது மீட்டர் ஒரு கிண்ணம் கஞ்சியை ஒரு பருக்கை விடாமல் குடித்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் காப்பகத்து மேனேஜர் அம்மாள் படிவத்தோடு வந்தாள். நல்ல மாதிரிதான். "ஐயா பேசுவாரா?" என்று கேட்டாள்.

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பேசுவாரு" என்றாள் மகள். "ஆனா அங்க வந்தா பேச மாட்டாரு."

மேனேஜர் அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. படிவத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "எப்ப வேணாலும் கூப்பிடுங்க" என்று போனாள். மகள் அதைக் கிழிக்கவில்லை. மடித்து இழுப்பறையில் வைத்தாள். மீட்டரம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். ஒரு கண்ணும் எழுபது வயசும் அவளுக்கும் தெரிந்த விஷயம்.

மீதி விடுப்பு முழுக்க மகள் போனில் உட்கார்ந்தாள். கதை, வரலாறு, தோட்டம் என்று தான் போட்ட வகையை எல்லாம் அழித்தாள். தெருவின் பெயரில் ஷெல்ஃப். ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழே எந்த வீடு, என்ன அர்த்தம். அம்மா சொல்லச் சொல்ல அடித்தாள். "தூங்குமூஞ்சி வீடு: படுக்கணும். அக்கா தங்கை வீடு: அம்மாமேல கோபம். இது ரொம்ப வருமாம்மா?" "வாரத்துக்கு ரெண்டு தடவை." இனி எந்த ஊரில் இருந்தாலும், அப்பா புத்தகத்தைப் போனில் காட்டினால் மகளுக்கே புரியும். பதினைந்து அட்டைகளுக்கு உள்ளே தடித்த காகிதம் வைத்துத் தைத்து நிறுத்தினாள் மீட்டரம்மா. காஜா எடுத்த கை, தையல் நேராக வந்தது. கிடைக்காத பதினொன்றின் இடத்தையும் மீட்டர் விரல் வைத்துக் காட்டினார். அதில் மருந்துக்கடை வீட்டோடு சேர்த்து நான்கு எந்த வீடு என்று அவளால் கண்டுபிடிக்க முடிந்தது. ஏழு தெரியவில்லை. மகள் அவற்றுக்கு ஒரு தனி ஷெல்ஃப் திறந்து "தெரியல" என்று பெயர் போட்டாள். உள்ளே ஏழு வெற்றுக் கட்டம்.

மகள் கிளம்புகிற காலை, பை வாசலுக்குப் போய்விட்டது. மீட்டர் அலமாரிக்குப் போனார். கடைசி அலமாரி, கீழிருந்து இரண்டாவது தட்டு. சிரமப்பட்டுக் குனிந்து, இரண்டு புத்தகத்துக்கு நடுவில் விரலை நுழைத்துப் பிரித்தார். மகளைப் பார்த்தார். "பாத்தாச்சு" என்றார் மெதுவாக.

மகள் போனை எடுத்தாள். "தெரியல"வில் ஐந்தாவது கட்டம் அது.

"எந்த வீடும்மா?"

"கிணத்து வீடாங்க?" மீட்டர் தலையை அசைக்கவில்லை. "வாத்தியார் வீடா? ரெட்டைப் பிள்ளைங்க வீடா? வாசல்ல வண்டி நிக்குமே, அந்த வீடா?" அவளுக்குத் தெரிந்த வீடெல்லாம் தீர்ந்துகொண்டே வந்தது. அந்தக் கோடித் தெருக் கதைகள் அவர் சொன்னபோது அவள் பெரும்பாலும் பாத்திரம் கழுவப் போயிருப்பாள். மீட்டர் பொறுமையாக நின்றார். விரலை எடுக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வண்டிக்காரர் இரண்டாவது தடவை ஒலி எழுப்பினார்.

"அப்பா, நான் அடுத்த மாசம் வரேன்" என்றாள் மகள். "அதுக்குள்ள கண்டுபிடிச்சுடுவோம்."

மீட்டர் இடம் விட்டு நகரவில்லை. மகள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். வண்டிச் சத்தம் தெருமுனையில் அடங்கிற்று. மீட்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். விரலை எடுத்ததும் புத்தகங்கள் சாய்ந்து இடைவெளி மூடிக்கொள்ளப் பார்த்தது. டாக்டர் சொன்னதை மறந்து அவள் குனிந்து, தன் விரலை அதில் வைத்தாள்.

"தபால்காரர் வீட்டுக்கு மூணாவது வீடா?" என்றாள். "அதுக்கு எதிர் வீடா?"